முறைப்பெண்ணும் டார்வினும்

சார்லஸ் டார்வின் 1839 ஜனவரி 29 அன்று மணந்துகொண்ட எம்மா வெட்ஜ்வுட், அவருக்குத் தாய்மாமன் மகள். டார்வினின் தாயார் சூசன்னாவும் எம்மாவின் தந்தை இரண்டாம் ஜோசையா வெட்ஜ்வுட்டும் உடன்பிறந்தவர்கள். இந்தச் சம்பந்தத்தை மதுரையிலோ மட்டக்களப்பிலோ பேசியிருந்தால் ஒருவரும் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார்கள். முறைப்பெண் இருக்க வெளியில் ஏன் தேட வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அதே உறவைக் கிழக்கு லண்டனின் குட்மேய்ஸில் இன்று எடுத்துப் பேசினால் வீட்டுக்கு வீடு தீர்ப்பு மாறும். பாகிஸ்தானியக் குடும்பத்தில் மாமன் மகளையும் கட்டலாம், சித்தப்பா மகளையும் கட்டலாம். பஞ்சாபிச் சீக்கியர் வீட்டில் இரண்டுமே நினைத்துப் பார்க்கக்கூடாதவை. தமிழர் வீட்டில் மாமன் மகள் உரிமைப் பெண். சித்தப்பா மகளோ தங்கை, அந்தப் பேச்சை எடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆங்கிலேயர் வீட்டில் இரண்டையும் நாட்டின் சட்டம் அனுமதிக்கிறது; ஆனால் பெரும்பாலானோர் மனம் இரண்டுக்கும் கூசுகிறது.

உயிரியல் இந்த நான்கு வீடுகளில் எதற்கும் துணை நிற்பதில்லை. மாமன் மகளானாலும் சித்தப்பா மகளானாலும் பொதுவான மரபணுப் பங்கு சராசரியாக எட்டில் ஒன்றுதான். ஒரே அளவு ரத்த உறவு ஓரிடத்தில் கடமையாகவும், இன்னோரிடத்தில் பாவமாகவும், வேறோரிடத்தில் வெறும் அருவருப்பாகவும் ஆகிறது. நால்வருமே தாங்கள் சொல்வது சரி என்பதில் உறுதியாக இருக்கிறார்கள்.

இந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதை மானுடவியலும் பரிணாம உயிரியலும் உளவியலும் சேர்ந்து இன்று ஓரளவு விளக்கிவிட்டன. அந்த விளக்கத்தைக் கேட்டவுடன் ஒரு கேள்வி எழுகிறது. 'இது தவறு' என்ற உணர்வு எப்படி நம்முள் உருவானது என்று தெரிந்துவிட்டால், இது தவறு என்பது நமக்குத் 'தெரியும்' என்று இனியும் சொல்லிக்கொள்ள முடியுமா? தத்துவத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளாகச் சூடுபிடித்திருக்கும் விவாதம் இது. அதன் வேர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு, லண்டனிலேயே முளைத்தது.

தேனீக்களின் தர்மம்

1871-இல் டார்வின் வெளியிட்ட 'மனிதனின் வழித்தோன்றல்' நூலில் ஒரு விசித்திரமான கற்பனை வருகிறது. மனிதர்கள் தேனீக்களைப் போல ஒரு கூட்டில் வளர்ந்திருந்தால், மணமாகாத பெண்கள் தங்கள் சகோதரர்களைக் கொல்வதைப் புனிதக் கடமையாக நினைத்திருப்பார்கள். தாய்மார்கள் கருவளமுள்ள மகள்களைக் கொல்ல முயன்றிருப்பார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அந்தக் கூட்டு வாழ்க்கைக்கு ஏற்ற ஒரு மனசாட்சி அவர்களுக்கும் இருந்திருக்கும் என்கிறார் டார்வின்.

லண்டனில் வாழ்ந்த எழுத்தாளரும் பெண்ணுரிமைப் போராளியுமான ஃபிரான்சிஸ் பவர் காப் அதே ஆண்டில் இதற்கு மறுப்பு எழுதினார். டார்வின் சொல்வதை உலகம் ஏற்றுக்கொண்டால் மனிதகுலத்தின் நல்லொழுக்கத்துக்கு அத்துடன் சாவுமணி அடித்துவிடும் என்று அவர் அஞ்சினார். அவர் பயம் லேசானதல்ல. கொலை தவறு என்று நமக்குத் தோன்றுவது நாம் தேனீயாகப் பிறக்காததால்தான் என்றால், அந்தத் தோன்றலுக்கு என்ன அதிகாரம் மிஞ்சுகிறது?

அதே 1871-இல் அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் உலக மக்களின் உறவுமுறைகளைத் தொகுத்து ஒரு பெரும் நூல் வெளியிட்டார். அதில் தமிழர் உறவுமுறைக்கு முக்கிய இடம் உண்டு. தமிழ்நாட்டில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் அவருக்குத் தகவல் கொடுத்தார்கள். அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும் அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகளும் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் மட்டும் மச்சான், மச்சாள், மச்சினி. பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் மறுபக்கம். இந்தக் கோடு தமிழ்க் குழந்தைக்குப் பேச்சோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பின்னாளில், 1949–50-இல் பிறமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், திராவிட உறவுமுறைக்கு அடித்தளம் ரத்தத்தைவிட மணவுறவே என்று வாதிட்டார்.

1871-இல் குட்மேய்ஸ் எசெக்ஸ் மாவட்டத்து வயல்வெளி. 1901-இல் ரயில் நிலையம் வந்தது; அதே ஆண்டில் வெஸ்ட் ஹாம் நகராட்சியின் மனநலக் காப்பகமும் அங்கே திறக்கப்பட்டது. பின்னர் குட்மேய்ஸ் மருத்துவமனை என்று பெயர் பெற்ற இடம் அதுதான். இந்தக் கதைக்குள் காப்பகங்கள் மீண்டும் வரும்.

ஒன்றாக வளர்ந்தவர்கள்

ஒழுக்கத்தின் பிறப்பிடத்தைத் தேடியவர்களில் மிகத் துணிச்சலானவர் எட்வர்ட் வெஸ்டர்மார்க். பின்லாந்துக்காரர். 1887-இல் லண்டன் வந்து பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து படித்தார். 1907 முதல் 1930 வரை லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். 1891-இல் வெளியான திருமண வரலாற்று நூலில் அவர் சொன்ன கருத்து எளியது: சிறுவயதிலிருந்து ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்தவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்குக் காம ஈர்ப்பு எழாது, வெறுப்பே எழும். ரத்த உறவா என்று உடல் சோதித்துப் பார்ப்பதில்லை. கூடவே வளர்ந்தவர் பெரும்பாலும் உடன்பிறந்தவராகத்தான் இருப்பார் என்ற கணக்கில் பரிணாமம் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது.

மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர் பின்னர் ஒரு கேள்வி போட்டார். யாருக்குமே விருப்பமில்லாத ஒன்றைத் தடுக்க ஊர்தோறும் சட்டமும் சாபமும் எதற்கு? சிக்மண்ட் ஃபிராய்டும் அதையே பிடித்துக்கொண்டார். ஆசை இருப்பதால்தான் தடை இருக்கிறது என்பது அவர் கட்சி. அரை நூற்றாண்டுக்கு வெஸ்டர்மார்க் ஓரங்கட்டப்பட்டார்.

பிறகு சான்றுகள் வந்தன. தைவானில் பச்சிளம் பெண்குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்து, அதே வீட்டுப் பையனுக்கே பின்னாளில் கட்டிவைக்கும் வழக்கம் இருந்தது. ஆர்தர் உல்ஃப் ஆயிரக்கணக்கான இத்தகைய திருமணங்களைப் பதிவேடுகளிலிருந்து ஆராய்ந்தார். வளர்ந்தபின் சந்தித்து மணந்தவர்களைவிட இவர்களிடம் குழந்தைகள் குறைவு, மணமுறிவு அதிகம். இஸ்ரேலின் கிப்புட்ஸ் பண்ணைகளில் குழந்தைகள் குழு குழுவாக ஒன்றாக வளர்க்கப்பட்டார்கள். ஜோசப் ஷெஃபர் அங்கே வளர்ந்தவர்களின் 2,769 திருமணங்களை அலசினார். பிறந்தது முதல் ஆறு வயதுவரை இடைவிடாமல் ஒரே குழுவில் வளர்ந்த இருவர் மணந்துகொண்டது ஒன்றுகூட இல்லை. அவர்களைத் தடுக்கச் சட்டமோ பெற்றோரோ குறுக்கே நிற்கவில்லை.

2003-இல் டெப்ரா லீபர்மன், ஜான் டூபி, லீடா காஸ்மிடிஸ் ஆகிய மூவரும் கலிஃபோர்னியாவில் நடத்திய ஆய்வுதான் நம் கேள்வியின் நடுநரம்பைத் தொடுகிறது. அவர்கள் கேட்டது சொந்த விருப்பத்தைப் பற்றியல்ல. முன்பின் தெரியாத ஓர் அண்ணனும் தங்கையும் உறவு கொண்டால் அது எவ்வளவு தவறு என்று கேட்டார்கள். பதில் சொன்னவர்கள் எதிர்பாலின உடன்பிறப்புடன் எத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் வளர்ந்தார்களோ அந்த அளவுக்கு அவர்கள் தீர்ப்பும் கடுமையாக இருந்தது. அந்த உடன்பிறப்பு உண்மையில் ரத்த உறவா, தத்தெடுத்தவரா என்பது தீர்ப்பைப் பாதிக்கவில்லை. யாரோ இருவர் செய்தது சரியா தவறா என்பதற்கும், நம் வீட்டில் யார் எத்தனை வருடம் இருந்தார் என்பதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை. ஆனால் தீர்ப்பு அதைப் பொறுத்தே அமைந்தது.

தமிழர் வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் பாதி பொருந்துகிறது. கூட்டுக் குடும்பத்தில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள். மாமன் மகள் வேறு ஊர். திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் வருபவள். ஒன்று தங்கையாவதும் மற்றது முறைப்பெண்ணாவதும் வெஸ்டர்மார்க் சொன்னபடியே இருக்கிறது. மறுபாதியில் இடிக்கிறது. சித்தி மகளும் பெரியம்மா மகளும் வேறு ஊரில், வேறு வீட்டில்தான் வளர்கிறார்கள். அவர்களையும் தங்கை என்றே கொள்கிறோம். அதே கூச்சம் அங்கேயும் வருகிறது. அக்காள் மகளோ பல குடும்பங்களில் தாய்மாமன் மடியிலேயே வளர்கிறாள், பிறகு அவனுக்கே கழுத்தை நீட்டுகிறாள். ஆக, உடம்பு கற்றுக்கொண்டதன் மேல் ஊர் கற்றுக்கொடுத்ததும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எது முந்தியது என்று வயிற்றைப் புரட்டும் அந்த உணர்வு நமக்குச் சொல்வதில்லை.

அந்த உணர்வு எவ்வளவு பிடிவாதமானது என்பதை ஜானதன் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளர் காட்டினார். ஓர் அண்ணனும் தங்கையும் ஒரே ஒருமுறை, இருவர் சம்மதத்தோடு, கருத்தடைச் சாதனங்களுடன், யாருக்கும் தெரியாமல் உறவு கொண்டார்கள். பிறகு இருவருக்கும் எந்த மனக்காயமும் இல்லை என்று ஒரு கதையைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். தவறு என்றார்கள் பெரும்பாலானோர். ஏன்? குழந்தை ஊனமாகப் பிறக்கும். குழந்தைதான் இல்லையே. மனம் கெடும். கெடவில்லையே. காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தபின், 'எனக்கு விளக்கத் தெரியவில்லை, ஆனால் தவறு' என்ற இடத்தில் வந்து நின்றார்கள். தீர்ப்பு முதலில் வந்தது. காரணங்களைப் பிறகுதான் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

அரசனின் தேவை, ஆண்டவனின் கட்டளை

ஒழுக்கத்துக்குப் பரிணாமம் மட்டுமே பிறப்பிடம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஒன்றுவிட்ட உறவினரை மணப்பது எப்படிச் சட்டபூர்வமானது என்று பாருங்கள். இடைக்காலக் கத்தோலிக்கத் திருச்சபை தூரத்து உறவுகள்வரை தடைவிதித்திருந்தது. 1540-இல் எட்டாம் ஹென்றி, தன் முன்னாள் மனைவி ஆன் பொலினின் ஒன்றுவிட்ட சகோதரியான கேத்தரின் ஹோவர்டை மணக்க விரும்பினார். வழி திறக்கச் சட்டம் வந்தது. மூன்று நூற்றாண்டு கழித்து டார்வினும் எம்மாவும் தேவாலயத்தில் மணந்துகொள்ள முடிந்ததற்குப் பின்னால் ஓர் அரசனின் அவசரம் இருக்கிறது.

இன்னொரு உதாரணம் தமிழருக்கு வியப்பாகவே இருக்கும். மனைவி இறந்தால் அவள் தங்கையை மணப்பதை இங்கிலாந்துச் சட்டம் 1835-இல் செல்லாததாக்கியது. மனைவியும் கணவனும் ஒரே உடல், ஆகவே அவள் தங்கை இவனுக்கும் தங்கை என்று வேதாகமத்தைக் காட்டி வாதம். அதை நீக்கும் மசோதா பல பத்தாண்டுகள் நாடாளுமன்றத்துக்கு வந்து வந்து தோற்றது. 1907-இல்தான் தடை நீங்கியது. இதில் ரத்தம் இல்லை, மரபணு இல்லை, ஒன்றாக வளர்ந்ததும் இல்லை. நம் ஊரில் தாயில்லாப் பிள்ளைகளுக்குச் சித்தியே தாயாக வரட்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கும் காரியத்தை, படித்த பிஷப்புகள் குடும்பத்தின் அழிவு என்று நம்பினார்கள். உண்மையாகவே நம்பினார்கள். இன்று லண்டனில் அந்தத் தடையை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்.

புதருக்குள் புலி

இங்கேதான் தத்துவவாதிகள் நுழைகிறார்கள். ரிச்சர்ட் ஜாய்ஸ் 2006-இல் வெளியிட்ட 'ஒழுக்கத்தின் பரிணாமம்' நூலில் ஒரு மாத்திரையைக் கற்பனை செய்கிறார். அதை விழுங்கினால் வாட்டர்லூ போரில் நெப்போலியன் வென்றார் என்ற நம்பிக்கை மனதில் பதியும். அப்படி ஒரு மாத்திரை தனக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரியவந்தவர் என்ன செய்வார்? நெப்போலியன் தோற்றார் என்று உடனே முடிவுகட்ட மாட்டார். ஆனால் வென்றார் என்று இனி உறுதியாகச் சொல்லவும் மாட்டார். வேறு சான்று தேடிப் போவார். ஒழுக்க நம்பிக்கைகள் அனைத்துக்கும் பரிணாமம்தான் அந்த மாத்திரை என்பது ஜாய்ஸின் வாதம்.

அதே ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஷாரன் ஸ்ட்ரீட் பிடியை இன்னும் இறுக்கினார். நாம் என்ன நினைத்தாலும் மாறாத ஒழுக்க உண்மைகள் உலகில் உண்டு என்பவர்களிடம் அவர் இரண்டு வழிகளை வைத்தார். பரிணாமத்துக்கும் அந்த உண்மைகளுக்கும் தொடர்பே இல்லை என்று ஒப்புக்கொண்டால், நம் நம்பிக்கைகள் சரியாக இருப்பது குருட்டு அதிர்ஷ்டம். தொடர்பு உண்டு, ஒழுக்க உண்மைகளைக் கண்டறிந்ததால்தான் முன்னோர் பிழைத்தார்கள் என்றால், அது மோசமான அறிவியல். பிள்ளையைப் பேணியவர்களின் பிள்ளைகள் பிழைத்தன. அதைச் சொல்ல, பிள்ளையைப் பேணுவது 'உண்மையிலேயே நல்லது' என்ற கூடுதல் வரி தேவைப்படவில்லை.

கணக்கறிவும் பரிணாமத்தின் கொடைதானே, அதையும் சந்தேகிப்போமா என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. புதருக்குள் இரண்டு புலிகள் போயின, ஒன்று வெளியே வந்தது. இன்னொன்று உள்ளே இருக்கிறது என்று கணக்கிட்டவன் பிழைத்தான். அவன் ஏன் பிழைத்தான் என்று விளக்க, உள்ளே உண்மையிலேயே ஒரு புலி இருந்தது என்று சொல்லியே ஆகவேண்டும். கணக்கு அங்கே உண்மையோடு கட்டப்பட்டிருக்கிறது. சித்தப்பா மகளை நினைத்தால் வரும் கூச்சத்தை விளக்கவோ, அது உண்மையிலேயே பாவம் என்று சொல்ல வேண்டிய தேவையே வருவதில்லை. ஒரே முற்றம், ஒரே உறவுச்சொல் போதும்.

இதுவரை வாதம் வலுவானது. அதை மறுக்க முயல்வதைவிட அதன் எல்லையைக் கண்டுபிடிப்பதே பயனுள்ளது. ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்பது அது பொய் என்பதற்குச் சான்றாகாது. பாட்டி பயமுறுத்தியதால் கிணற்றடிக்குப் போகாத குழந்தைக்கும் கிணறு ஆபத்தானதுதான். பிறப்பிடம் தெரியவரும்போது நாம் இழப்பது ஒன்றே ஒன்று: 'என் மனசுக்குத் தோன்றுகிறது' என்பதைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றும் உரிமை. அந்தச் சாட்சி போனபின்னும் வழக்கு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வழக்குகள் விழுந்துவிடும். எல்லாமே விழும் என்ற முடிவுக்கு அவசரப்பட இடமில்லை.

தமிழருக்கு இது புத்தகத்துப் பாடமல்ல. தொட்டால் தீட்டு என்ற உணர்வு ஒரு காலத்தில் கோடிக்கணக்கானவர்களின் உடம்பில் உண்மையான அருவருப்பாகவே இருந்தது. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராடியவர்கள் முன்பு நின்றது வெறும் சட்டம் மட்டுமல்ல, அந்த அருவருப்பும்தான். பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, அந்த உணர்வு எங்கிருந்து வந்தது, அதனால் யார் பிழைத்தார்கள் என்று தோண்டி எடுத்துக் காட்டியது. பிறப்பிடம் தெரிந்ததும் தீட்டு சாட்சியாக நிற்கும் தகுதியை இழந்தது. ஆனால் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒழுக்க அறிவே கிடையாது, எல்லாம் மாத்திரைதான் என்று முழுமூச்சாகச் சொல்லிவிட்டால், தீண்டாமை கொடுமை என்று சொல்லும் உரிமையும் அந்த இடத்திலேயே பறிபோகும். ஒரு நம்பிக்கையைத் தோண்டி எறிந்தவருக்கும் நிற்க ஒரு தரை வேண்டும். பிறர் படும் துன்பத்தையும் அவமானத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தரை.

அந்தத் தரையும் பரிணாமம் போட்டதுதானே என்று ஸ்ட்ரீட் கேட்பார். பாதி உண்மை. ரத்த சொந்தத்துக்காக உயிர் எதைத் தியாகம் செய்யும் என்பதற்கு லண்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்த டபிள்யூ. டி. ஹாமில்டன் 1964-இல் கணிதமே எழுதினார். அந்தக் கணக்குப்படி சொந்தப் பிள்ளைமீது பாசம் வரும். முகம் தெரியாத வேற்று இனத்தாரின் பிள்ளை படும் வலியும் அதே வலிதான் என்ற முடிவு அந்தக் கணக்கில் கிடைக்காது; பல நேரங்களில் அதற்கு எதிராகவே போகிறது. பாசத்தைப் பரிணாமம் கொடுத்தது, அதை ஏன் என் வீட்டோடு நிறுத்த வேண்டும் என்று கேட்டது மனிதர்களின் யோசனை. தன்னை உண்டாக்கிய காரணத்தையே எதிர்த்து நீந்தும் நம்பிக்கையை அந்தக் காரணத்தின் வெறும் எதிரொலி என்று தள்ளிவிட முடியாது.

பிராட்ஃபோர்டின் எண்கள்

சரி, ஒன்றுவிட்ட உறவுத் திருமணத்தில் அருவருப்பு என்ற சாட்சியை இறக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? குழந்தையின் உடல்நலம் மிஞ்சும்.

டார்வினுக்கே இந்தக் கவலை இருந்தது. அவர் பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறுவயதிலேயே இறந்தார்கள். பத்து வயது ஆனியின் மரணம் அவரை நொறுக்கியது. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றுவிட்ட உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று அவர் நண்பர் ஜான் லப்பக் மூலம் முயன்றார். நாடாளுமன்றம் ஏளனத்தோடு நிராகரித்தது. பிறகு டார்வினின் மகன் ஜார்ஜ் 1875-இல் தானே கணக்கெடுத்தார். இங்கிலாந்தின் மனநலக் காப்பகங்களுக்குக் கடிதம் எழுதி, அங்கிருப்பவர்களில் எத்தனை பேர் ஒன்றுவிட்ட உறவினருக்குப் பிறந்தவர்கள் என்று கேட்டார். பயந்த அளவுக்கு எதுவும் தென்படவில்லை. குட்மேய்ஸ் காப்பகம் அப்போது கட்டப்படவில்லை. ஆனால் அது திறந்து பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த 1913 சட்டம் 'ஒழுக்கக் குறையுள்ளோர்' என்று ஒரு பிரிவையே மனநலச் சட்டத்தில் எழுதியது. அரசு நிவாரணத்தில் இருந்த மணமாகாத தாய்மார்களும் அந்தச் சட்டத்தின் பிடிக்குள் வந்தார்கள். டார்வினின் இன்னொரு மகன் லெனார்ட் அப்போது இனமேம்பாட்டுக் கழகத்தின் தலைவர். ஊர் வெறுப்பைப் பரம்பரை அறிவியல் என்று பெயர் மாற்றி உட்காரவைத்த காலம் அது. அதை மறந்துவிட்டு இந்த விஷயத்தில் எண்களைக் கையாளக் கூடாது.

எண்களில் இன்று மிகவும் நம்பத்தக்கவை இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரிலிருந்து வருகின்றன. 2007 முதல் 2011 வரை பிறந்த 13,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடரும் ஆய்வு அது. 2013-இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு: பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு பொதுவாக 100-க்கு 3 என்றால், ஒன்றுவிட்ட உறவினர் பெற்றோரானால் 100-க்கு 6. இரட்டிப்பு என்பது உண்மை. 100-இல் 94 குழந்தைகள் நலமாகப் பிறக்கின்றன என்பதும் அதே அளவு உண்மை. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே முடித்துவரும் குடும்பங்களில் ஆபத்து கூடுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் இன்பராஜும் 1977-இல் வெளியிட்ட ஆய்வுகளில் வட ஆற்காடு மாவட்டத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த வழக்கத்தில் மிகக் கொடிய மரபணுக்கள் கழிந்துபோயிருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

பிராட்ஃபோர்டு ஆய்விலேயே இன்னொரு முடிவும் இருந்தது. அதை மேற்கோள் காட்டுவோர் குறைவு. வெள்ளைப் பிரிட்டிஷ் பெண்கள் 34 வயதைத் தாண்டிப் பிள்ளை பெற்றால் ஆபத்து 100-க்கு 2-லிருந்து 4 ஆகிறது. அதுவும் இரட்டிப்புதான். முப்பத்தாறு வயதுத் தாயைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை, சட்டம் கொண்டுவரச் சொல்வதில்லை. குழந்தையின் நலம்தான் உண்மையான காரணம் என்றால் இரண்டிலும் ஒரே கவலை வர வேண்டும். ஒன்றில் கவலையும் மற்றதில் அருவருப்பும் வருகிறது என்றால், பேசுவது மரபணு அல்ல.

2024 டிசம்பரில், குட்மேய்ஸிலிருந்து கிழக்கே எசெக்ஸில் உள்ள பாசில்டன்–பில்லரிக்கே தொகுதியின் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ரிச்சர்ட் ஹோல்டன், ஒன்றுவிட்ட உறவுத் திருமணத்தைத் தடைசெய்யும் தனிநபர் மசோதாவை நாடாளுமன்றத்தில் அறிமுகப்படுத்தினார். உடல்நலத்தோடு பெண்களின் சுதந்திரத்தையும் காரணம் காட்டினார். டியூஸ்பரி–பாட்லி தொகுதியின் சுயேச்சை உறுப்பினர் இக்பால் முகமது எதிர்த்துப் பேசினார். தடை வேலை செய்யாது, ஒரு சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும், மரபணுப் பரிசோதனையும் விழிப்புணர்வும்தான் வழி என்றார். நார்வே அதே ஆண்டில் தடையைச் சட்டமாக்கிவிட்டது. பிராட்ஃபோர்டின் உள்நகர வார்டுகளில் பாகிஸ்தானியத் தாய்மாரிடையே ரத்த உறவுத் திருமணம் பத்தாண்டு இடைவெளியில் சுமார் 60 சதவீதத்திலிருந்து 46 ஆகக் குறைந்திருந்தது, எந்தத் தடையும் இல்லாமலே.

தமிழர்கள் இந்த விவாதத்தில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அது பாகிஸ்தானியர் விவகாரம் என்று ஒதுங்கி நிற்பது எளிது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சொந்தத்துக்குள் திருமணம் மிக அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு: 100-க்கு 28. இந்து திருமணச் சட்டம் 1955 ஒன்றுவிட்ட உறவுகளைத் தடுத்தாலும் 'வழக்கம் இருந்தால்' என்ற வாசல் வழியே முறைப்பெண் உள்ளே வந்துவிடுகிறாள். தாய்மாமன்–அக்காள் மகள் திருமணமோ மரபணுக் கணக்கில் மாமன் மகள் திருமணத்தைவிட இருமடங்கு நெருக்கம். சேலத்திலோ தர்மபுரியிலோ ஊர் கூடி வாழ்த்திய அந்த உறவில், இங்கிலாந்தில் திருமணம் நடத்த முடியாது. அந்த உறவில் உடலுறவே 2003 பாலியல் குற்றச் சட்டத்தின் கீழ் வருகிறது.

இங்கே குழந்தையின் உடல்நலத்தைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. பிறந்த அன்றே 'இவள் உனக்குத்தான்டா' என்று தாய்மாமன் கையில் கொடுக்கப்பட்ட பெண், பதினெட்டு வயதில் சொல்லும் 'சரி' என்ன சரி? வேண்டாம் என்றால் அம்மாவுக்கும் மாமனுக்கும் பேச்சு அறும், சீர் நிற்கும், பாட்டி சாப்பிட மாட்டாள். வெளியில் மாப்பிள்ளை பார்த்தால் வேண்டாம் என்பதற்கு அவ்வளவு விலை இல்லை. முறை என்ற சொல்லுக்குள் எவ்வளவு பாசம் இருக்கிறதோ அவ்வளவு நெருக்குதலும் இருக்கிறது. அவள் மறுக்க முடிந்ததா என்பதை எட்டில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற கணக்கும் சொல்லாது, வெஸ்டர்மார்க்கின் விளக்கமும் தொடாது. சம்மதம் முக்கியம் என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு இருக்கும், ஒரு பிறப்பிடம் இருக்கும். அதைத் தோண்டிப் பார்த்தபின்னும் அந்தப் பெண்ணின் விருப்பமின்மை அவள் வாழ்க்கையில் அப்படியேதான் இருக்கிறது.

மரபணு ஆலோசனை மையத்தில் ஒரு தம்பதி போய் உட்கார்ந்தால், அவர் உங்களுக்கு முறையா என்று யாரும் கேட்பதில்லை. காகிதத்தில் வட்டமும் சதுரமுமாகக் குடும்ப மரம் வரைகிறார்கள். தாத்தா பாட்டி யார், யாருக்கு என்ன நோய், சிறுவயதில் இறந்த குழந்தை உண்டா, இருவருக்கும் பொதுவான முன்னோர் யார் என்று கேட்கிறார்கள். தலசீமியா போன்ற நோய்களுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அறிந்த நோய் குடும்பத்தில் இருந்தால் குறிப்பிட்ட மரபணுவைத் தேடிப் பார்க்க முடியும். பாகிஸ்தானியத் தம்பதிக்கும் தமிழ்த் தம்பதிக்கும் அந்தக் காகிதத்தில் ஒரே மாதிரி இரட்டைக் கோடுதான் போடுகிறார்கள், ரத்த உறவில் மணந்தவர்கள் என்று காட்ட. டார்வினுக்கும் எம்மாவுக்கும் வரைந்தாலும் அதே இரட்டைக் கோடுதான்.